சாம்பல் புதரிலிருந்து ஊதா

ரோசெல்லாவை முதன்முறையாகக் கையில் எடுத்துப் பார்ப்பவரிடம், இதிலிருந்து ஊதாச் சாயம் வரும் என்று சொன்னால் நம்பமாட்டார். விரல் நீளத்துக்குத் தொங்கும் சாம்பல் நிற நாடாக்கள். பாறையையோ மரப்பட்டையையோ பற்றிக்கொள்ள அடியில் ஒரு சிறு பிடிப்பு. இலை இல்லை, பூ இல்லை, வேரும் இல்லை. காய்ந்த கடற்பாசிக் கொத்தை யாரோ மரத்தில் ஒட்டிவைத்தது போலிருக்கும். தண்ணீரில் ஊறவைத்தால் ஊதா இறங்காது, கொதிக்கவைத்தாலும் இறங்காது. ஏனென்றால் அதற்குள் ஊதாவே இல்லை. ஊதாவாக மாறக்கூடிய, நிறமற்ற சில பொருள்கள்தாம் இருக்கின்றன. அவற்றை நிறமாக்க அம்மோனியா வேண்டும், காற்று வேண்டும், வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர்கள் அந்தப் பொறுமையைக் காட்டியிருக்கிறார்கள். மஞ்சளை அரைத்தால் மஞ்சள் நிறம். செம்பருத்தியைக் கசக்கினால் சிவப்பு. கண்ணுக்குத் தெரியும் நிறத்தை எடுத்துத் துணியில் ஏற்றுவது யாருக்கும் தோன்றக்கூடிய செயல். கண்ணுக்குத் தெரியாத நிறத்தை வரவழைப்பது வேறு வகை அறிவு. வேதியியல் என்ற துறையே இல்லாத காலத்தில் கைப்பழக்கத்தால் மட்டும் அந்த அறிவைச் சேர்த்தார்கள். ரோசெல்லாவின் கதையில் அரசர்கள் வருவார்கள், பெரும் வணிகக் குடும்பங்கள் வரும், தீவுகள் கைமாறும். ஆனால் எனக்கு அதில் முதன்மையானது அந்தத் தொட்டியடி அறிவுதான்.

முதலில் உயிரைப் பற்றிக் கொஞ்சம். ரோசெல்லா ஒரு செடியன்று; லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஓருடலாக வாழும் அமைப்பு. பூஞ்சை உடலைக் கட்டுகிறது, ஈரத்தைப் பிடிக்கிறது. அதற்குள் வாழும் பாசி சூரிய ஒளியில் உணவு தயாரிக்கிறது. சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் சைமன் ஸ்வெண்டனர் 1860களின் இறுதியில் இதைச் சொன்னபோது, லைக்கன்களிலேயே வாழ்நாளைக் கழித்த வல்லுநர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். தாங்கள் தனி உயிரென்று எண்ணிப் பெயரிட்டவை எல்லாம் இரு உயிர்களின் கூட்டு என்பதை ஏற்க அவர்களுக்கு மனம் வரவில்லை. கடைசியில் ஸ்வெண்டனரே சரியென்று ஆயிற்று.

லைக்கன்கள் மூன்று வடிவங்களில் காணப்படும். பாறையில் வண்ணம் பூசியது போல ஒட்டிக்கிடப்பவை ஒரு வகை. இலை போல் விரிபவை இன்னொரு வகை. நம் சமையலில் போடும் கல்பாசி பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது. மூன்றாவது, புதர் போல் கிளைத்து நிற்பவை அல்லது தொங்குபவை. ரோசெல்லா இந்த மூன்றாம் வகை. இந்தப் பேரினத்துக்கு இப்பெயரை 1805ல் வரையறுத்துத் தந்தவர் தாவரவியலாளர் டி கண்டோல். இதற்குள் குடியிருக்கும் பாசி டிரென்டிபோலியா. பச்சைப்பாசி வகுப்பைச் சேர்ந்ததென்றாலும் உடலில் கரோட்டின் நிறமிகள் நிறைந்திருப்பதால் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். மழைக்காலத்தில் பழைய சுவர்களில் ஆரஞ்சுத் திட்டாகப் படர்வதும் இதே பாசிதான்.

ரோசெல்லாவுக்குக் கடல் அருகில் இருக்க வேண்டும். அலை நேராக மோதும் இடம் வேண்டாம். கடற்காற்றும் மூடுபனியும் தொட்டுக்கொண்டே இருக்கும் செங்குத்துப் பாறைகளும் கரையோர மரங்களும் போதும். வேர் இல்லாததால் காற்றிலுள்ள ஈரத்தை உடல் முழுவதாலும் உறிஞ்சிக்கொள்கிறது. கேனரித் தீவுகள், கேப் வெர்டே, மதேரா, மத்தியதரைக் கடற்கரைகள், ஆப்பிரிக்காவின் இரு கரைகள், மடகாஸ்கர், சொகோத்ரா, இலங்கை, இந்தியா, அந்தப் பக்கம் கலாபகோஸ், சிலி, மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா என்று வெப்பக் கடல்களைச் சுற்றிலும் இதன் இனங்கள் இருக்கின்றன. எங்கும் மிக மெதுவாகவே வளரும். பின்னால் வரும் கதைக்கு இது முக்கியம்.

அதன் உடலில் எரித்ரின், லெக்கனோரிக் அமிலம் போன்ற பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. பூஞ்சை தயாரிக்கும் இவை வெண்மையானவை. கடுமையான வெயிலிலிருந்தும், கடித்துத் தின்ன வரும் சிறு உயிர்களிடமிருந்தும் இவை லைக்கனைக் காக்கின்றன என்பது பொதுவான கருத்து. காரம் பட்டால் இவை உடையும். உடைந்து ஆர்செல்லினிக் அமிலம் வரும். அது கார்பன் டை ஆக்சைடை இழந்து ஆர்சினால் என்ற பொருளாகும். இதுவரையிலும் நிறம் கிடையாது. இந்த ஆர்சினால் அம்மோனியாவையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் ஒருசேரச் சந்திக்கும்போதுதான், மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து ஆர்சீன் என்ற ஊதாப் பொருள் பிறக்கிறது. 1829ல் ஆர்சினாலை லைக்கனிலிருந்து தனியாகப் பிரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் பியேர் ரோபிக்கே. ஆர்சீன் ஒரே பொருள் அன்று, நெருங்கிய உறவுடைய பல நிறமிகளின் கலவை என்பதை ஜெர்மானிய வேதியியலாளர் ஹான்ஸ் முஸ்ஸோ 1950களிலும் 60களிலும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார்.

இவ்வளவும் தெரியாத காலத்துச் சாயக்காரர்களுக்கு அம்மோனியா எங்கிருந்து கிடைத்தது? சிறுநீரிலிருந்து. புதுச் சிறுநீரில் இருப்பது யூரியா. அதை நாள்பட வைத்தால் நுண்ணுயிர்கள் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். மூக்கைத் துளைக்கும் அந்த நெடிதான் சாயக்காரருக்கு வேண்டிய பொருள். உலர்ந்த லைக்கனிலிருந்து மண்ணும் கல்லும் நீங்கச் சுத்தம் செய்து, இடித்து, தொட்டியில் போட்டுப் பழைய சிறுநீரால் நனைப்பார்கள். சிலர் நவச்சாரமும் வெடியுப்பும் சேர்த்தார்கள். பிற்காலத்தில் சுண்ணாம்பும் சேர்ந்தது. பிறகு நாள்தோறும் பலமுறை கிளற வேண்டும். முதல் சில நாள்களில் பழுப்புச் சிவப்பு எட்டிப்பார்க்கும்; அதன்பின் சிவப்பு ஆழ்ந்துகொண்டே போய், சில வாரங்களில் தொட்டி முழுவதும் அடர் ஊதாக் கூழாகும்.

இதைப் பழைய நூல்கள் புளிக்கவைத்தல் என்றே எழுதின. உண்மையில் மாவு புளிப்பதுபோல் நுண்ணுயிர்கள் நிறத்தை உண்டாக்குவதில்லை. அவற்றின் வேலை சிறுநீரில் அம்மோனியாவை வரவழைப்பதோடு முடிந்துவிடுகிறது. மீதி வேலை ஆக்சிஜனுடையது. ஆனால் ஓயாமல் கிளற வேண்டும் என்பதைச் சாயக்காரர்கள் சரியாகவே அறிந்திருந்தார்கள். கிளறக் கிளறத்தான் கூழுக்குள் காற்று போகும். சூடு மிகுந்தாலும் தவறு, குறைந்தாலும் தவறு. எப்போது நிறுத்துவது என்பதை நிறத்தையும் நெடியையும் வைத்தே முடிவு செய்தார்கள். இந்தச் சாயத்துக்கு ஆங்கிலத்தில் ஆர்ச்சில் என்று பெயர்.

கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ், கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில், கிரீட் தீவின் கரையில் கிடைக்கும் ஒரு கடற்பாசியால் நாடாக்களுக்கும் கம்பளிக்கும் சாயமேற்றுகிறார்கள் என்றும், புதிதாக இருக்கையில் அந்நிறம் சங்கு ஊதாவைவிட அழகு என்றும் குறித்திருக்கிறார். அவர் சொல்வது ரோசெல்லாவைத்தான் என்று பலரும் கருதுகிறார்கள். புதிதாக இருக்கையில் என்று அவர் சேர்த்துச் சொன்னதில் இந்தச் சாயத்தின் முழுக் குணமும் அடங்கியிருக்கிறது. வரும்போது கண்ணைப் பறிக்கும். வெயில் பட்டால் வெளிறிவிடும்.

அந்தக் காலத்து ஊதாவின் உச்சம் அந்தச் சங்கு ஊதாதான்; கடல் நத்தையிலிருந்து எடுக்கப்பட்ட டயர் நகரத்துச் சாயம். ஜெர்மானிய வேதியியலாளர் பால் பிரீட்லாண்டரால் 1909ல் 12,000 நத்தைகளிலிருந்து 1.4 கிராம் சாயமே எடுக்க முடிந்தது என்றால், அது ஏன் பேரரசர்களின் நிறமாயிற்று என்று விளக்க வேண்டியதில்லை. பாறையில் சுரண்டியெடுத்த லைக்கனும் சிறுநீரும் அதற்கு நிகரான நிறத்தைத் தந்தபோது, மலிவான ஊதாவுக்கு ஒரு சந்தை உருவாயிற்று. எகிப்தில் கிடைத்து இப்போது ஸ்டாக்ஹோம் பாபிரஸ் என்று அழைக்கப்படும் கிரேக்கச் சுவடியில், மூன்று, நான்காம் நூற்றாண்டுக் காலத்து ஊதாச் செய்முறைகள் பல உள்ளன. ஆர்ச்சிலைக் கொண்டு சங்கு ஊதாவைப் போன்ற நிறத்தைக் கொண்டுவரும் வழிகளும் அவற்றில் அடக்கம். துணியில் மட்டுமில்லை. தென் இத்தாலியின் ரொசானோ நகரில் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க நற்செய்தி ஏடு ஒன்று இருக்கிறது. ஊதாத் தோலில் வெள்ளி எழுத்துகள். அந்தத் தோலுக்கு ஊதா தந்தது ஆர்ச்சில் என்று அண்மைக்கால நிறமாலை ஆய்வுகள் காட்டியுள்ளன. புத்தகத்துக்குள் மூடிக்கிடந்ததால், வெயிலில் நிற்காத நிறம் 1,400 ஆண்டுகளுக்கு மேல் நின்றிருக்கிறது.

ஐரோப்பாவில் இந்தக் கலை இடையில் மங்கிப்போய், 1300ஐ ஒட்டி பிளாரன்ஸ் நகரில் மறுபடி தழைத்தது. கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளில் வணிகம் செய்த ஒரு பிளாரன்ஸ்காரர், சிறுநீர் பட்ட லைக்கன் நிறம் மாறுவதைக் கவனித்து ஊருக்கு அந்த நுட்பத்தைக் கொண்டுவந்தார் என்பது அவருடைய குடும்பத்தின் கதை. அந்தச் செல்வத்தால் உயர்ந்த ருச்செல்லாய் குடும்பத்தின் பெயரும் இந்தச் சாயத்தை ஒட்டியதே. அவர்களில் ஒருவரான ஜொவானி ருச்செல்லாய்க்கு மாளிகை வடிவமைத்தவர் லியோன் பத்திஸ்தா ஆல்பெர்ட்டி. சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தின் முகப்பு அதே ஜொவானியின் பணத்தில் 1470ல் முடிந்தது. பிளாரன்ஸ் போகிறவர்கள் அந்தப் பளிங்கு முகப்பின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு அடித்தளம் போட்டதில் பழஞ்சிறுநீர்த் தொட்டிகளுக்கும் பங்குண்டு.

பிளாரன்ஸ் மட்டுமில்லை, துணிக்கு நெடிய ஆயுள் வேண்டும் என்று எண்ணிய ஊர்கள் எல்லாம் ஆர்ச்சிலைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்த்தன. பிரான்சில் நிலைத்த நிறங்களின் சாயக்காரர், நிலைக்காத நிறங்களின் சாயக்காரர் என்று தொழிலையே இரண்டாகப் பிரித்தபோது, ஆர்ச்சில் இரண்டாம் பக்கத்தில் நின்றது. ஆனாலும் அதை யாரும் விட்டுவிடவில்லை. மற்றச் சாயங்களோடு சிறிது சேர்த்தால் நிறத்துக்கு ஒரு பொலிவு வரும். அதன் மென்மைக்கு வேறெதுவும் ஈடாகவில்லை.

தேவை கூடக்கூட மத்தியதரைக் கடலின் பாறைகள் போதவில்லை. 1402ல் நார்மன் பிரபு ஜான் தெ பெத்தாங்கூர் கேனரித் தீவுகளைக் கைப்பற்றப் புறப்பட்டார். அந்தப் படையெடுப்பைப் பதிவுசெய்த சரித்திரக் குறிப்புகளிலேயே இந்த லைக்கனின் மதிப்பு பேசப்படுகிறது. தீவுகள் முழுவதும் காஸ்டில் அரசின் கைக்கு வந்தபின், பெரிய தீவுகளில் லைக்கன் சேகரிக்கும் உரிமை அரசுடையதாயிற்று. லான்சரோத்தே, பூர்த்தெவெந்தூரா, கொமேரா, எல் ஹியர்ரோ தீவுகளில் அது பிரபுக்களுடையது. இத்தாலி, பிளாண்டர்ஸ், இங்கிலாந்து எங்கும் கேனரிச் சரக்குக்கு நல்ல பெயர்.

அதைச் சேகரித்தவர்களை ஓர்ச்சில்யேரோ என்றார்கள். அலைமோதும் கடலுக்கு மேலே நூற்றுக்கணக்கான அடி உயரச் செங்குத்துப் பாறைகளில் கயிற்றில் தொங்கி, இடுக்குகளில் வளர்ந்ததைச் சுரண்டிப் பையில் போடுவது அவர்கள் தொழில். எளிதாக எட்டும் இடங்களில் இருந்தது முதல் தலைமுறைகளிலேயே தீர்ந்துபோயிருக்கும். மெதுவாக வளரும் உயிர் ஆதலால், அடுத்தடுத்து வந்தவர்கள் மேலும் மேலும் ஆபத்தான முகடுகளைத் தேடிப் போனார்கள். கயிறு அறுந்தும் கல் பெயர்ந்தும் பலர் இறந்தார்கள். ஊதாப் பட்டு உடுத்தியவர்களுக்கு அந்தச் சாவுகள் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சாயத்தின் விலையைப் பற்றிய பழைய ஏடுகள் நிறையக் கிடைக்கின்றன. அந்த மனிதர்களின் பெயர்கள் கிடைப்பது அரிது. இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அந்தக் கயிறுகளில்தான் போய் நிற்கிறது.

கேனரித் தீவுகளில் மேற்குக் கோடியிலுள்ள எல் ஹியர்ரோவின் மேற்குமுனைக்கு ஓர்ச்சில்யா முனை என்று பெயர். அங்கு வளர்ந்த இந்த லைக்கனால் வந்த பெயர். 1634ல் பிரான்ஸ் மன்னர் பதின்மூன்றாம் லூயி, தீர்க்கரேகைகளை அளக்கும் தொடக்கக் கோடாக எல் ஹியர்ரோ வழியே செல்லும் கோட்டை அறிவித்தார். கிரீனிச் அந்த இடத்தைப் பிடிக்கும்வரை ஐரோப்பிய வரைபடங்கள் பல அந்தத் தீவிலிருந்தே உலகை அளந்தன.

பிற்பகுதியை வேகமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் ஒரே கதை திரும்பத் திரும்ப நடந்தது. ஓரிடத்தில் சரக்கு குறையும், வணிகர்கள் இன்னொரு கரையைத் தேடுவார்கள். போர்ச்சுகலில் 1755ல் தொடங்கப்பட்ட கிராவோ பாரா, மரன்யாவோ வணிக நிறுவனம் கேப் வெர்டே லைக்கனின் ஏகபோகத்தை வைத்திருந்தது. அதன்பின் அங்கோலா, மொசாம்பிக், மடகாஸ்கர், சான்சிபார். அங்கே பாறையில் தொங்க வேண்டியதில்லை. ரோசெல்லா மரங்களிலேயே வளர்ந்தது. 1832ல் ஈக்வடார் நாடு கலாபகோஸ் தீவுகளைத் தனதாக்கிக்கொண்டபோது, அங்கு குடியேற்றத்துக்கு முன்னின்ற ஹோசே வில்யாமில் கண்ணில் வைத்திருந்த வருமானங்களில் இந்த லைக்கனும் ஒன்று. டார்வின் அங்கே போய்ச் சேர்ந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து.

இலங்கையும் இந்தப் பட்டியலில் உண்டு. 19ஆம் நூற்றாண்டு லண்டன் சந்தையின் சரக்குப் பெயர்களில் சிலோன் லைக்கனும் இருந்தது. அது ரோசெல்லா மான்டேக்னி என்ற இனம். நம் சோழமண்டலக் கரையிலும் மன்னார் வளைகுடாக் கரையிலும் மரப்பட்டைகளில் தொங்குவதும் அதுவே. இதற்குப் பெயர் வைத்த ஷார்ல் பெலாஞ்சே, பாண்டிச்சேரியில் பிரெஞ்சு அரசின் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்க 1820களில் இந்தியா வந்தவர். லைக்கன்களையும் பாசிகளையும் பூஞ்சைகளையும் ஆராய்ந்த ராணுவ மருத்துவர் கமீல் மான்டேனின் நினைவாக அந்தப் பெயரை வைத்தார். நம் பள்ளித் தாவரவியல் பாடத்தில் லிட்மஸ் எடுக்கப்படும் லைக்கன் என்று வருவது இந்த இனம்தான்.

அப்படியென்றால் கரையோரத் தமிழர்கள் ஏன் இதிலிருந்து ஊதா எடுக்கவில்லை என்ற கேள்வி இயல்பாக எழும். பதில் துணியில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆர்ச்சில் பிடிக்க, சாயத்தைத் துணியில் நிறுத்தும் பொருள் எதுவும் தேவையில்லை. படிகாரம் வேண்டாம், கடுக்காய் வேண்டாம். துணியை நனைத்தால் நேரே ஏறிக்கொள்ளும். ஆனால் அது ஏறுவது புரதத்தாலான இழைகளில், அதாவது கம்பளியிலும் பட்டிலும். பருத்தியில் சரியாகப் பிடிக்காது. இந்தக் கரையோ பருத்தியின் கரை. அதற்குப் பொருத்தமான சாயங்கள் ஏற்கெனவே கைவசம் இருந்தன. நீலத்துக்கு அவுரி. சிவப்புக்கு ராமேசுவரம், மன்னார், யாழ்ப்பாணக் கரைகளின் மணலில் தோண்டியெடுத்த சாயவேர். சாயவேர்ச் சிவப்பைப் பருத்தியில் நிறுத்தப் படிகாரம் வேண்டும், கடுக்காய் வேண்டும், பலமுறை அலசிக் காயப்போட வேண்டும். ஆனால் ஒருமுறை நின்றுவிட்டால் துணி கிழியும்வரை நிற்கும். பட்டுக்கு அரக்குச் சிவப்பு இருந்தது. சாயம் போகாது என்ற பெயரிலேயே கடல்கடந்து விற்ற துணிகளைத் தயாரித்தவர்களுக்கு, சில கோடைகளில் வெளிறிவிடும் ஊதா தேவைப்பட்டிருக்காது. சாயவேரில் சிவப்பைத் தரும் அலிசரின் என்ற பொருளை, மஞ்சிட்டியின் ஐரோப்பிய உறவுச்செடி ஒன்றிலிருந்து 1826ல் பிரித்தவர்களில் ஒருவர், ஆர்சினாலைப் பிரித்த அதே ரோபிக்கே.

லிட்மஸும் இதே தொட்டியின் பிள்ளை. ஆர்ச்சில் தயாராகும் கூழில் பொட்டாஷும் சுண்ணாம்பும் சேர்த்து, இன்னும் நீண்ட நாள் காற்றுபட விட்டால் ஊதா நீலமாக மாறும். அதைச் சுண்ணக்கட்டியோடோ ஜிப்சத்தோடோ பிசைந்து சிறு சிறு கட்டிகளாக உலர்த்தினால் லிட்மஸ். டச்சுக்காரர்கள் இதில் நெடுங்காலம் கைதேர்ந்தவர்களாக இருந்து, செய்முறையையும் பொத்திப் பாதுகாத்தார்கள். அந்த நாள்களில் லிட்மஸுக்கு ரோசெல்லாவோடு, வடநாட்டுப் பாறைகளில் ஓடு போல் ஒட்டி வளரும் வேறு லைக்கன்களும் பயன்பட்டன.

லிட்மஸ் நிறம் மாறுவது எப்படி? அதன் நிறமி மூலக்கூறு ஹைட்ரஜன் அயனியை ஏற்கவும் விடவும் வல்லது. அமிலத்தில் அயனிகள் மிகுதி. மூலக்கூறு ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. அப்போது அதன் எலக்ட்ரான்களின் அமைப்பு மாறி, உறிஞ்சும் ஒளியும் மாறுகிறது. நமக்குச் சிவப்பாகத் தெரிகிறது. காரத்தில் அந்த அயனியை விட்டுவிடுகிறது, நீலம் தெரிகிறது. பி.எச். 4.5க்கும் 8.3க்கும் இடைப்பட்ட எல்லையில் இந்த மாற்றம் நடக்கும், நடுவில் ஊதா. சாயத்தொழிலில் பெருங்குறையாக இருந்த குணம் இது. அமிலம் பட்டால் சிவந்து, காரம் பட்டால் நீலமாகும் துணியை யார் விரும்புவார்? அதே குணம் வேதியியலாளர் கையில் அளவுகோலாயிற்று.

ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஜான் ஸ்டென்ஹவுஸ் இந்த லைக்கன்களில் செய்த வேலை இன்னும் அதிகம் பேசப்பட வேண்டியது. மூட்டைமூட்டையாக வரும் சரக்கில் எதில் சாயப்பொருள் அதிகம் என்று அறிய, பிளீச்சிங் பவுடர் கரைசலை வைத்து அளக்கும் முறை ஒன்றைச் சொன்னார். எரித்ரின் போன்ற பொருள்கள் பிளீச்சிங் கரைசல் பட்டதும் ஒரு கணம் சிவக்கும். இன்றும் லைக்கன் ஆய்வாளர்கள் களத்துக்குப் போகும்போது சிறு குப்பியில் அந்தக் கரைசலை எடுத்துச் செல்கிறார்கள். ஒரு சொட்டு விட்டுச் சிவப்பு வருகிறதா என்று பார்த்து இனம் பிரிக்கிறார்கள். எரித்ரினை உடைத்துப் பார்த்த ஸ்டென்ஹவுஸுக்கு 1848ல் இனிப்பான ஒரு பொருளும் கிடைத்தது. எரித்ரிட்டால். சர்க்கரை நோயாளிகளுக்காக விற்கும் இனிப்பூட்டிகளின் பொட்டலத்தில் இப்போது நாம் படிக்கும் அதே பெயர். இன்று அதை ஈஸ்ட்டைக் கொண்டு குளுக்கோஸிலிருந்து தயாரிக்கிறார்கள். அறிமுகமானது சாய லைக்கன் வழியாக.

1850களில் லியோன் நகரத்துச் சாயத் தொழில் நிறுவனம் ஒன்று, லைக்கனிலிருந்து முன்பைவிட நன்றாக நிலைக்கும் ஊதாவை உருவாக்கிப் பிரெஞ்சு ஊதா என்ற பெயரில் விற்றது. இரண்டாயிரம் ஆண்டுகளாக இருந்த குறை தீர்ந்த நேரம் பார்த்து, 1856ல் லண்டனில் பதினெட்டு வயது வில்லியம் பெர்கின் அனிலினிலிருந்து செயற்கை ஊதாவைத் தயாரித்துவிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் தாரிலிருந்து வந்த சாயங்கள் வரிசையாகச் சந்தையைப் பிடித்தன. லைக்கன் மூட்டைகளுக்குக் கிராக்கி சில பத்தாண்டுகள் மெல்லக் குறைந்து, பிறகு நின்றது. தொழிலை இழந்தவர்களுக்கு அது துன்பம்தான். பாறைகளுக்கு அது விடுதலை.

துணியை விட்டுப்போன ஆர்சீன் நுண்ணோக்கியடிக்கு வந்து சேர்ந்தது. 1941ல் லா கூர் என்ற பிரிட்டிஷ் செல்லியலாளர், அசிட்டிக் அமிலத்தில் கரைத்த ஆர்சீன் குரோமோசோம்களை நன்றாகச் சாயமேற்றும் என்று காட்டினார். 1955 டிசம்பரில் ஸ்வீடனின் லுண்ட் நகரில், ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ, மனிதச் செல்களை அந்தச் சாயத்தில் நசுக்கிப் பரப்பி, குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தார். அதுவரை பாடப்புத்தகங்கள் 48 என்று சொல்லிவந்தன. அவர் எண்ணியபோது 46. ஆல்பர்ட் லெவானோடு சேர்ந்து 1956ல் அவர் வெளியிட்ட சிறு கட்டுரைதான் மனித மரபியலை அந்த எண்ணில் நிறுத்தியது. வெங்காய வேர்நுனியை நசுக்கிச் செல்பகுப்பைப் பார்க்கும் கல்லூரி மாணவர்கள் கையாளும் சாயங்களில் இன்றும் அசிட்டோ ஆர்சீன் ஒன்று.

நம் கரையில் ரோசெல்லாவைத் தேட விரும்புகிறவர்கள் கடற்காற்று தடையில்லாமல் வீசும் இடத்துப் பழைய மரங்களைப் பார்க்க வேண்டும். காற்று வரும் பக்கத்துப் பட்டையில் சாம்பல் நாடாக்களாகத் தொங்கும். கரையோர மரங்களை வெட்டினால் அதுவும் போய்விடும். புதிதாக நட்ட மரத்தில் அவ்வளவு சீக்கிரம் வந்து சேராது. காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடும் லைக்கன்களுக்குப் பொதுவாகவே ஆகாது. அதனால் நிற்கும் மரத்திலிருந்து யாரும் சுரண்டக் கூடாது. பாதுகாக்கப்பட்ட வனப்பகுதியிலும் அலையாத்திக் காட்டிலும் எதையும் தொடவே கூடாது.

புயலுக்குப் பின் ஒடிந்து விழுந்த கிளையில் ஒட்டியிருந்தால் அதில் ஒரு கைப்பிடி போதும். பள்ளி ஆசிரியர்கள் யாராவது இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு மிகுந்த ஆசை. லைக்கனை உலர்த்திப் பொடித்துக் கண்ணாடிச் சீசாவில் போட்டு, இரண்டு பங்கு தண்ணீரும் ஒரு பங்கு அம்மோனியாக் கரைசலும் ஊற்ற வேண்டும். சீசாவில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. மேலே காற்று இருக்க வேண்டும். காற்றோட்டமான இடத்தில் வைத்து, நாள்தோறும் மூடியைத் திறந்து மூடிச் சிலமுறை குலுக்க வேண்டும். அம்மோனியா கண்ணையும் மூச்சையும் தாக்கும், ஆகையால் மாணவர்களை விலக்கி நிறுத்திப் பெரியவர்களே இதைச் செய்ய வேண்டும். பிளீச்சிங் சொட்டுச் சோதனையைச் செய்வதானால் தனியாக வேறு துண்டில் செய்யுங்கள். அம்மோனியாவோடு பிளீச்சிங் கலந்தால் நச்சுவாயு வரும். சில நாள்களில் சிவப்பு தெரியத் தொடங்கும், மூன்று நான்கு வாரத்தில் சீசா முழுக்க ஊதாவாகும். அதில் ஒரு பங்கை நிறையத் தண்ணீரில் கலந்து, கொதிக்கவிடாமல் மிதமாகச் சூடாக்கி, ஒரு பட்டு நூலையும் ஒரு பருத்தி நூலையும் ஒன்றாக நனைத்தெடுத்தால் இழைகளின் வேறுபாடு மாணவர்களுக்கு நேரே தெரியும். சாயமேறிய பட்டு நூலை இரண்டாக வெட்டி, ஒரு துண்டை வினிகர் கலந்த தண்ணீரிலும் இன்னொன்றைச் சோப்புத் தண்ணீரிலும் அலசட்டும். முதலாவதில் சிவப்பு கூடும், இரண்டாவதில் நீலம் கூடும்.